முழுக் காப்பீடு எவ்வளவு முழுமை? – கிரீட் தீவில் வாடகைக் கார்

ஒரு காருக்கு ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ இருக்கிறதா என்று நம் மக்களில் யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும். “ஃபர்ஸ்ட் பார்ட்டி போட்டிருக்கேன் சார், ஜீரோ டெப்பும் சேர்த்து” என்பார்கள். மும்பையில் மோட்டார் சர்வேயராக முப்பது வருஷத்துக்கு மேல் நசுங்கிய பம்பர்களோடும் உடைந்த கண்ணாடிகளோடும் காலம் தள்ளியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ‘ஃபுல்’ என்ற வார்த்தை ஏஜெண்டுகள் வாயிலும் நம் வாயிலும் புழங்குகிறதே தவிர, அதற்கு இதுதான் எல்லை என்று எங்கும் வரையறை கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ‘ஃபுல்’.

உள்ளூரில் இதனால் பெரிய ஆபத்து இல்லை. இந்தியாவில் 1500 சி.சி. வரையிலான காருக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் நாம் கட்டாயமாக ஏற்க வேண்டிய பங்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாய். தேய்மானம் என்று கழிப்பதையும் சேர்த்துப் பார்த்தாலும் குடும்பம் தாங்கிக்கொள்ளும். வெளிநாட்டுத் தீவு ஒன்றில், வாடகைக் கார் கவுண்டரில், பயணக் களைப்போடு அதே சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடும்போதுதான் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இப்போது பழக்கம் மாறிவிட்டது. டூர் பஸ்ஸில் ஏறி, வழிகாட்டி இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கி, ஏறச் சொன்னபோது ஏறுகிற சுற்றுலா பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. தாங்களே கார் எடுத்து ஓட்ட வேண்டும். நல்லதுதான். ஆனால் அப்படிப் போய்வந்த இரண்டு மூன்று பேர் ஒப்பந்தத் தாளோடு என் வீட்டுக்கு வந்து, “அங்கிள், இதுல எங்களுக்கு ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். போன பிறகு வழி குறைவு. போவதற்கு முன்னால் நிறைய இருக்கிறது.

நான் பார்த்த கிரீட் தீவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2024-ல் நானும் என் மனைவியும் பெண், மாப்பிள்ளை, பேத்தியோடு ஒன்பது நாள் அங்கே இருந்தோம். கிரேக்கத் தீவுகளில் மிகப் பெரியது அது. கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர். வடக்கு தெற்காக ஓரிடத்தில் வெறும் 12, இன்னோரிடத்தில் 60. நடுவில் முதுகெலும்பு போல மலைத்தொடர். ப்சிலோரிடிஸ் சிகரம் 2,456 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தீவில் ரயில் கிடையாது. ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன் என்று வடகரை ஊர்களுக்கிடையே நல்ல பஸ் உண்டு. 1900-ல் ஆர்தர் எவன்ஸ் தோண்ட ஆரம்பித்த க்னோஸோஸ் அரண்மனைக்கு ஹெராக்லியோனிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போகலாம். ஆனால் தென்கரைக் கிராமங்கள், மலை வளைவுகள், மேற்குக் கோடிக் கடற்கரைகள் எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்குப் பார்க்க வேண்டுமானால் கார்தான் வழி. அதனால் அங்கே வாடகைக் கார் கடை இல்லாத தெருவே இல்லை என்று சொல்லலாம். எல்லாக் கடை வாசலிலும் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ பலகை!

அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பதைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் மூன்றாம் நபர் காப்பீடு, நாம் தேர்ட் பார்ட்டி என்பது. இது சட்டப்படி கட்டாயம், வாடகையிலேயே அடக்கம். இதில் ஐரோப்பா தாராளம். 2023 இறுதியிலிருந்து அமலில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, அடிபட்டவர்களுக்கான குறைந்தபட்சக் காப்பு ஆளுக்கு 13 லட்சம் யூரோ அல்லது விபத்துக்கு 64.5 லட்சம் யூரோ. சொத்துச் சேதத்துக்கு விபத்துக்கு 13 லட்சம் யூரோ. நம் நாட்டில் உயிரிழப்புக்கு வரம்பில்லை என்றாலும், அடுத்தவர் சொத்துக்குப் பாலிசி ஏற்பது 7.5 லட்சம் ரூபாய் வரைதான். ஆகவே நீங்கள் அடுத்தவர் காரை இடித்துவிட்டால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. பிரச்னை முழுக்க நீங்கள் ஓட்டுகிற காரைப் பற்றியது.

அங்கேதான் சி.டி.டபிள்யூ. வருகிறது. கொலிஷன் டேமேஜ் வேவர் என்பதன் சுருக்கம். இதை இன்சூரன்ஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நிஜத்தில் அது வேறு. கார் கம்பெனியுடையது. அதை நீங்கள் சேதப்படுத்தினால் முழுச் செலவையும் உங்களிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது. “இந்தத் தொகைக்கு மேல் உன்னிடம் கேட்க மாட்டேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்” என்று அவர்கள் எழுதித் தருவதுதான் இந்த வேவர். அந்தத் தொகைக்குப் பெயர் எக்ஸஸ். சின்னக் காருக்கே பல நூறு யூரோவில் ஆரம்பிக்கும், ஆயிரத்தைத் தாண்டுவதும் சகஜம். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் எக்ஸஸைப் பூஜ்யமாக்கித் தருவார்கள். அதற்கு சூப்பர் என்றும் ஜீரோ எக்ஸஸ் என்றும் ஃபுல் என்றும் பல பெயர்கள்.

விட்டுக்கொடுத்த உரிமை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தவன், நிபந்தனையை நீங்கள் மீறினால் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்வான். அப்போது எக்ஸஸ் பூஜ்யம் என்று எழுதியிருப்பதெல்லாம் செல்லாது, காரின் முழு விலை வரை நீங்கள் பொறுப்பு. நம் ஊர் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போய் நிற்கவும் முடியாது.

அடுத்தது விலக்குப் பட்டியல். சாதாரண சி.டி.டபிள்யூ.வில் டயர், சக்கரம், கண்ணாடிகள், பக்கவாட்டு மிரர், காரின் அடிப்பகுதி, கிளட்ச், காரின் உட்புறம், தொலைந்த சாவி, தவறான எரிபொருள் இவையெல்லாம் பெரும்பாலும் சேராது. சில ஜீரோ எக்ஸஸ் திட்டங்களிலும் சேராது. இதைப் படித்துவிட்டு, “சின்னச் சின்ன அயிட்டம்தானே, போகட்டும்” என்று விடுகிறவர்களே அதிகம். சர்வேயர் கண்ணோடு ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். இடதுபக்கம் ஓட்டிப் பழகிய இந்தியர் ஒருவர், வலதுபக்கம் ஓட்டும் நாட்டில், இடதுபக்கம் ஸ்டியரிங் உள்ள காரில் உட்கார்ந்தால் எங்கே இடிப்பார்?

வலது ஓரத்தில்தான் இடிப்பார். நம் ஊரில் ஓட்டுநருக்கு வலதுபக்கம் ஓர் அடிதான் கார். அங்கே வலதுபக்கம் முழுக் காரும் நீண்டு கிடக்கிறது. கை கால் பழக்கம் அதை மறந்துவிடும். ஆக, வலதுபக்க மிரர் குறுகின கிராமத் தெருவில் சுவரை உரசும். வலதுபக்க டயரும் ரிம்மும் நடைபாதைக் கல்லில் ஏறும். கிரீட்டின் வடகரை நெடுஞ்சாலையில் இன்னொரு வழக்கம் உண்டு. பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வழிவிட, முன்னால் போகிறவன் பாதிக் காரை வலது ஓர அகலத்தில் இறக்கி ஓட்டுவான். நாமும் அப்படிச் செய்யப் போனால் ஓரத்துக் கல்லும் கண்ணாடித் துண்டும் டயரைப் பதம் பார்க்கும். கியரோ வலது கையில். மலை ஏற்றத்தில் தடுமாறித் தடுமாறிக் கிளட்சை மிதித்தே தேய்ப்போம். (இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரைப் போடுவது தனிக் கதை, அதற்கு யாரும் பணம் கேட்பதில்லை.) கூட்டிப் பாருங்கள். நாம் சேதப்படுத்தக்கூடிய இடங்களும் கம்பெனி விலக்கி வைத்திருக்கும் இடங்களும் அநேகமாக ஒரே பட்டியல். அவர்கள் நம்மை நினைத்து எழுதவில்லை, ஆனால் நமக்கென்றே எழுதினாற்போல அமைந்துவிட்டது.

காரின் அடிப்பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீவின் வடமேற்கு முனையில் பாலோஸ் என்றொரு கடற்கழி. படங்களில் பார்த்தால் நீலமும் பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும். காலிவியானி கிராமத்தைத் தாண்டி அங்கே போகும் சுமார் 8 கிலோமீட்டர் பாதை தார் போடாதது, கல்லும் குழியுமான மண் ரோடு. எனக்குத் தெரிந்த செம்பூர்க் குடும்பம் ஒன்று, கணவன் மனைவி இரண்டு குழந்தைகள், மூன்று வருஷம் சேர்த்த பணத்தில் போனவர்கள், ‘ஃபுல்’ இருக்கிற தைரியத்தில் சின்னக் காரை அந்தப் பாதையில் விட்டார்கள். ஒரு கல் ஆயில் சம்ப்பில் அடித்தது. சத்தம் கேட்டது, இறங்கிப் பார்த்தார்கள், வெளியே ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. நடுவழியில் நிற்க வேண்டாம், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியிருக்கிறார்கள். ஆயில் இல்லாமல் என்ஜின் இறுகிவிட்டது. கார்டிலிருந்து 3,400 யூரோ போனது. நம் பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல்.

தாளை என்னிடம் கொண்டுவந்தார்கள். தார் போடாத சாலையில் அடிப்பகுதிச் சேதம் சேராது என்று ஆறாம் ஷரத்தில் தெளிவாக இருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகு ஓட்டினால் பொறுப்பு வாடகைக்கு எடுத்தவருடையது என்று அடுத்த வரி. நான் அந்தக் கம்பெனியின் சர்வேயராக இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன் என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மும்பைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. 2005 ஜூலை 26 வெள்ளத்தில் கார் முங்கியபோது, தண்ணீர் வடிவதற்குள் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தவர்களின் என்ஜின்கள் என்ன ஆயின என்பது ஞாபகம் இருக்கும். வெள்ளம் செய்த சேதத்துக்குப் பணம் உண்டு, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குக் கிடையாது என்பதுதான் வழக்கமான பதில். என்ஜின் புரொடெக்‌ஷன் என்று தனியாக ஒன்றை இப்போது நமக்கு விற்பது அதனால்தான். தத்துவம் எங்கேயும் ஒன்றே.

நாங்கள் பாலோஸுக்குப் போனது கிஸ்ஸாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில். கார் துறைமுகத்தில் நிம்மதியாக நின்றது.

கார் தேடும்போது என் மாப்பிள்ளை மொபைலில் விலையைக் காட்டிக்கொண்டே வந்தார். “மாமா, இது நாளுக்கு எட்டு யூரோ கம்மி.” நான், “மாப்பிள்ளை, விலை இருக்கட்டும், டயர், கண்ணாடி, அடிப்பகுதி மூணும் சேருதான்னு எழுதிக் கேளுங்க” என்றேன். கிரீட்டின் உள்ளூர்க் கம்பெனிகள் பலவற்றில் இந்த மூன்றும் வாடகையிலேயே சேர்ந்து, டெபாசிட்டும் இல்லாமல் கிடைக்கின்றன. வேறு சில கம்பெனிகளில் முன்பக்கத்து விலை மலிவாக இருக்கும், கவுண்டரில் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். நான்கு கம்பெனிகளுக்கு ஈ-மெயிலில் ஒரே கேள்வியைக் கேட்டோம். எக்ஸஸ் எவ்வளவு, டயர் கண்ணாடி அடிப்பகுதி சேருமா, தார் போடாத சாலைக்கு என்ன விதி, கார்டில் எவ்வளவு பிளாக் செய்வீர்கள். இரண்டு பேர் ‘ஃபுல் இன்சூரன்ஸ், கவலை வேண்டாம்’ என்று ஒரு வரியில் முடித்தார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. நான்காமவர் வரி வரியாகப் பதில் எழுதினார், அவரிடம் எடுத்தோம். அந்த ஈ-மெயிலின் அச்சுப் பிரதி கையில் இருந்தது.

புக்கிங் செய்யும் தளங்களே ‘முழுப் பாதுகாப்பு’ என்று ஒன்றை மலிவாக விற்கின்றன. அதை வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது வேறு ஜாதி. அது வேறொரு காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசி. சேதம் ஆனால் கார் கம்பெனிக்கு முதலில் நீங்கள் பணம் கட்ட வேண்டும், பிறகு பில், போட்டோ, ரிப்போர்ட் எல்லாம் அனுப்பி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். நம் மெடிக்ளெய்மில் கேஷ்லெஸ், ரீஇம்பர்ஸ்மென்ட் என்று இரண்டு உண்டல்லவா, இது இரண்டாவது வகை. கவுண்டரில் இருக்கிறவருக்கு அந்தப் பாலிசி ஒரு பொருட்டே இல்லை. எக்ஸஸ் முழுவதையும் கார்டில் பிளாக் செய்துதான் சாவியைத் தருவார். “ஏற்கெனவே ஃபுல் வாங்கிட்டேனே” என்று சண்டை போட்டுப் பயனில்லை, இருவர் சொல்வதும் உண்மை. ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ டிராவல் இன்சூரன்ஸை நினைத்துக்கொண்டு கார் காப்பீடு வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் உள்ளது, காருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கார்டு விஷயத்திலும் நம் பழக்கம் வேறு. பெரும்பாலான கம்பெனிகள் ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்கும். மகன் ஓட்ட, அப்பா கார்டைக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். 2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகள் வெளிநாட்டில் வேலை செய்ய நாமே அந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள், வரம்பையும் பாருங்கள். ஐந்து யூரோவானாலும் ஓ.டி.பி. வரும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கார்டைக் கொடுத்த பிறகு, அபராதமோ சேதமோ பின்னால் தெரியவந்தால் உங்களைக் கேட்காமலே கழித்துக்கொள்ள அவர்களால் முடியும்.

இனி நிபந்தனைகள். நம் நாட்டு மோட்டார் பாலிசி காரோடு போவது. சொந்தக்காரர் சம்மதத்தோடு லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் செல்லும். மச்சினன் ஓட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டலாம். அங்கே ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்பட்டவர் மட்டும்தான். “மாமா, நீங்க கொஞ்ச நேரம் தூங்குங்க, நான் ஓட்டறேன்” என்று பெயர் எழுதாத ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்த நிமிஷத்தில் வேவர் போய்விடும். கூடுதல் ஓட்டுநருக்கு நாளுக்குச் சில யூரோ கேட்பார்கள், சில இடத்தில் இலவசம். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் இரண்டையும் எழுத வைத்தோம். என் பெயரை எழுதவில்லை. வயதுக்கு மேல்வரம்பு வைக்கிற கம்பெனிகளும் உண்டு, தவிர பின் ஸீட்டில் பேத்தியோடு உட்கார்ந்து கடலைப் பார்ப்பது எனக்கு இன்னும் சௌகரியம். காரைக் கப்பலில் ஏற்றி இன்னொரு தீவுக்குக் கொண்டுபோவதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும், இல்லையென்றால் இதே கதிதான்.

குடியைப் பற்றி நம் மலரில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் இதை விடக் கூடாது. கிரீட்டில் சாப்பாடு முடிந்ததும் கேட்காமலே, காசில்லாமலே ஒரு சின்னப் புட்டியில் ராக்கி கொண்டுவந்து வைப்பார்கள். சிக்குடியா என்றும் சொல்வார்கள். திராட்சைச் சக்கையிலிருந்து வடித்தது, விருந்தோம்பல் மரியாதை. மறுத்தால் மனம் நோகுமோ என்று ஓட்டுகிறவரும் ஒரு வாய் குடிப்பார். அங்கே சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். அதைத் தாண்டி ஓட்டி விபத்தானால் எந்த ‘ஃபுல்’லும் நிற்காது. ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரிக் கையால் ஜாடை காட்டினால் போதும், சிரித்துக்கொண்டே பழத்தட்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

லைசென்ஸ்: நம் கார்டில் ஆங்கிலம் இருக்கிறதே என்று போய்விட வேண்டாம். 2021-ல் கிரேக்கம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டு லைசென்ஸ்களுக்கு விலக்கு கொடுத்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வேண்டும். உங்கள் ஆர்.டி.ஓ.விலேயே கிடைக்கும், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். சில கடைக்காரர்கள் பெர்மிட்டைக் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதை நம்பக் கூடாது. சாவி கொடுப்பவர் கேட்காததை விபத்துக்குப் பிறகு போலீஸும் காப்பீட்டுக்காரரும் கேட்பார்கள். கையில் செல்லுபடியான பெர்மிட் இல்லை என்றால், ஓட்டத் தகுதியில்லாதவர் ஓட்டினார் என்று எழுதிவிடலாம்.

காரை எடுக்கும்போது என் தொழில் பழக்கம் உதவியது. மொபைலில் காரைச் சுற்றி ஒரே வீடியோ, நிறுத்தாமல். நான்கு ரிம்மும் கிட்டத்தில், பம்பரின் கீழ் உதடு குனிந்து, முன் கண்ணாடி சாய்வாக வெளிச்சத்தில், கடைசியில் டேஷ்போர்டில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும். ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் திரவப் புட்டியா என்றும் டிக்கியைத் திறந்து பார்த்தேன். படிவத்தில் காரின் படம் இருக்கும், பழைய கீறல்களை அதில் குறித்து வாங்க வேண்டும். “சின்னக் கீறலுக்கெல்லாம் நாங்க கேட்க மாட்டோம்” என்று பையன் சொன்னான். “நல்லது தம்பி, இருந்தாலும் குறிச்சுடு” என்பதை மாப்பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னார். பதினொரு இடம் குறித்தான்.

விபத்து என்று ஏதாவது நடந்தால் காரை நகர்த்துவதற்கு முன் போட்டோ, உடனே கம்பெனிக்குப் போன், யாருக்காவது அடிபட்டிருந்தால் 112. போலீஸ் ரிப்போர்ட்டோ, இரு தரப்பும் நிரப்பும் விபத்துப் படிவமோ இல்லாத சேதத்தைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. மலைச்சாலையில் ஆடு குறுக்கே வந்து மோதினாலும் அதே விதி. “ஆட்டுக்காரரோடு பேசி முடிச்சுட்டோம்” என்பது எங்கும் செல்லாது. படிவத்தில் தப்பு யாருடையது என்று நீங்கள் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். புரியாத கிரேக்கத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

எரிபொருள் நிரப்ப அங்கேயும் பல பங்குகளில் நம் ஊர் மாதிரியே ஆள் நிற்பார், இறங்க வேண்டியதில்லை. ஆனால் பெட்ரோலா டீசலா என்று மூடியைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டிவிடுங்கள். பெட்ரோலுக்கு அங்கே அமோலிவ்தி என்று பெயர், பெட்ரேலியோ என்றால் டீசல் வகை! காதில் பெட்ரோல் மாதிரி விழும், அதுதான் ஆபத்து. மாற்றி ஊற்றினால் அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கும்போது விடிகாலை விமானம் என்றால் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அப்படியானால் மறுபடியும் அதே வீடியோ, நிறுத்திய இடத்தோடு சேர்த்து. முடிந்தால் அரை மணி முன்னால் போய், ஆளை வைத்துப் பார்க்கச் செய்து, ‘புதுச் சேதம் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் செய்த தொகை விடுபட ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். அது கணக்குக்கு வரும்வரை ஒப்பந்தத் தாளையும் வீடியோவையும் அழிக்காமல் வையுங்கள். அபராதச் சீட்டு மாதக் கணக்கில் கழித்து வருவதும் உண்டு, ஆகவே கார்டு ஸ்டேட்மென்ட்டை ஓர் ஆறு மாதத்துக்குப் பார்த்துவருவது நல்லது.